எதிர்ப்பக்கம் பேச ஆளில்லாத அறை

என் மடியில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டு, என் மடியிலேயே காதும் குத்திக்கொண்டு, என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையும் ஆயுசுக்கும் நம்பாமல் போன என் தங்க மாப்பிள்ளை தரணிக்கு,

முதலில் ஒரு சத்தியம் செய்துவிடுகிறேன் கண்ணு. மருதமலை முருகன் அறிய, கோனியம்மன் அறிய, என் பட்டறையில் எரிந்துபோய் வந்து குவிந்திருக்கும் மோட்டார்கள் அறியச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினான்கு உலகத்திலும் ஒருவர் நம்பமாட்டார். நம்பிவிட்டேன் என்று எவராவது வந்து நின்றால், அவருக்கு என் பட்டறையை எழுதிவைக்கிறேன்.

நீ போய் ஏழு மாதம். நீ போன நாளிலிருந்து கோயமுத்தூரில் ஒரு சொட்டு மழை இல்லை, சிறுவாணி வறண்டு குழாயில் காற்றுதான் வருகிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மழை பெய்தது. நன்றாகவே பெய்தது. கணபதியில் நம் பட்டறை வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. முன்பெல்லாம் அதைக் கழுத்தளவு என்று சொல்லியிருப்பேன். இப்போது கை அந்த உயரத்துக்குப் போகமாட்டேன் என்கிறது.

உன் அப்பா வேலைக்குப் போகிறார், வருகிறார். உன் வண்டியை விற்கவில்லை. துணி போட்டு மூடிவைத்திருக்கிறார். உன் அம்மா சரசு சமைக்கிறாள். மூன்று பேருக்கு அரிசி போட்டுவிட்டு, ஒரு பிடியைத் திரும்ப எடுத்து டப்பாவில் போடுகிறாள். நான் பார்க்கும்போது ஒரு நாளும் அழுததில்லை. அது ஏன் என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

மாடியறை அப்படியேதான் இருக்கிறது. வார்னிஷ் வாடை, உடைந்த ஸ்டூல், நாம் ஆடிய மேசை எல்லாம் இருக்கின்றன. நீ டைப் அடித்துக் கம்பிச்சுருள் போட்டுக் கட்டிய விதிப் புத்தகம் மேசை மேல் கிடக்கிறது. அதன் ஓரங்களில் உன் பென்சில் எழுத்து.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி சொல்லிக்கொள்கிறேன், நீ பொறுத்துக்கொள். என் தங்கை மகன் தரணி ஒரு பம்பு கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் என் பட்டறை மாடியில் ஓர் ஆட்டம் நடத்துவான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, வாயாலேயே ஆடும் ஆட்டம். எழுந்து நடக்கவேண்டாம், வாள் தூக்கவேண்டாம். “கதவைத் திறக்கிறேன்” என்று சொன்னால் போதும். திறக்குமா திறக்காதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தரணி சொல்வான். இங்கிலீஷில் இருந்த புத்தகங்கள் எனக்கு ஏறாது என்பதால், எல்லா விதியையும் தமிழில் அவனே எழுதினான். ஆடுகிறவர்கள் மூன்று பேர். கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும் நஸ்ரின், லேத் பட்டறையில் கணினிக்கு அளவு போட்டுக்கொடுக்கும் பாலு, அப்புறம் அண்ட பிண்ட சராசரங்களும் நடுங்கும் அடியேன்.

என் வேடத்துக்கு நான் வைத்த பெயர் உனக்கு நினைவிருக்கும். எண்திசை அதிர, எமனும் பதற, இமயத்தை இடக்கையால் தூக்கிய ஏகாம்பர பூபதி. நீ தாளைக் காட்டி, “இடம் இல்லீங்க மாமா” என்று சொல்லிவிட்டு, பூபதி என்று மட்டும் எழுதினாய். சாம்ராஜ்யம் போனது போல நான் ஒரு மாதம் புலம்பினேன்.

பூபதிக்கு நீ கொடுத்த திறன் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயர் புகையாதல். புத்தகத்தில் மூன்று வாக்கியம். ஆட்டத்துக்கு ஒருமுறை பூபதி புகையாக மாறலாம். புகையை எந்த ஆயுதமும் தொடாது. புகை போகும் இடமெல்லாம் அவரும் போகலாம். அவ்வளவுதான். அந்த மூன்று வாக்கியத்தில் நான் முந்நூறு ஓட்டை கண்டுபிடித்தேன்.

புகையாக மாறினால் கையிலிருக்கும் பொருளும் புகையாகுமா? விதியில் இல்லை. ஆகும் என்று நான் ஒரு மத்தியானம் முழுக்க வாதாடினேன். கஜானாவுக்குள் தூக்குப்போசியோடு நுழைந்து, அது நிறையத் தங்கக்காசை அள்ளிக்கொண்டு, சாவித்துவாரம் வழியாக வெளியே வருவதாகத் திட்டம். வால்பாறைத் தேயிலைக் காட்டில் புகை ஓர் ஆட்டையே தூக்கிக்கொண்டு நாற்பது வளைவும் இறங்கியதை என் இரண்டு கண்ணால் பார்த்தேன் என்றுகூடச் சொன்னேன். பாலு சிரித்துச் சிரித்து ஸ்டூலை உடைத்தது அன்றுதான். நீ மட்டும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கடைசியில் ஒரு சட்டம் போட்டாய்.

“ஏனுங்க மாமா, இனிமே இப்பிடி வெச்சுக்கலாங்க. விதியில சந்தேகம் வந்தா, எந்த அர்த்தத்துல யாருக்கு லாபமோ, அவங்க அதுக்கு எதிராத்தான் பேசணும். உங்களுக்காக வேற ஒருத்தரு பேசுவாங்க. ரெண்டு பக்கமும் கேட்டுப்போட்டு நான் சொல்றேன்.”

“என்னையே நான் தோக்கடிக்கணுமா மாப்ள?”

“ஆமாங்க. தனக்கு வேணும்ங்கறவன் கண்ணுக்கு விதி நேரா தெரியாதுங்க மாமா.”

உன் வயதில் எவனும் இப்படி ஒரு சட்டம் யோசிக்கமாட்டான். என் ஒருவனுடைய வாயை அடக்கப் போட்ட சட்டம் அது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகுதான் ஆட்டம் சூடு பிடித்தது. காவலாளி ஒருவன் புகையை மூச்சோடு இழுத்துவிட்டான். இப்போது பூபதி எங்கே இருக்கிறார் என்று ஒரு சந்தேகம். அவன் வயிற்றுக்குள் உட்கார்ந்து அரண்மனை ரகசியமெல்லாம் கேட்டுக்கொள்ள எனக்கு ஆசை. அதனால் நான் அதற்கு எதிராகப் பேசவேண்டியிருந்தது. இருமல் வரும், துண்டுதுண்டாக வெளியே வருவேன், மூக்கு ஒரு திசையிலும் மீசை ஒரு திசையிலும் போகும் என்று என்னையே நான் சின்னாபின்னம் செய்தேன். நஸ்ரின் எனக்காக வாதாடினாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிராளி பேசி முடித்ததும் பகடையால் மேசையை ஒரு தட்டு தட்டுவாள். “அது இருக்கட்டுங்க மாமா. ஆனா…” என்று ஆரம்பிப்பாள். அந்த ஆனாவில்தான் நான் பிழைத்தேன். உள்ளே போகலாம், இருமினால் வெளியே வந்துவிட வேண்டும் என்று நீ தீர்ப்பு சொல்லி, புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதினாய்.

நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு மாப்பிள்ளை. என் விருப்பத்துக்கு எதிராக நான் எவ்வளவு பலமாகப் பேசினாலும் பயமில்லை. மறுபக்கத்தை எடுத்துப் பேச ஒரு வாய் இருக்கிறது. இரண்டையும் கேட்க நீ இருக்கிறாய். அந்தத் தைரியத்தில்தான் அவ்வளவு பலமாகப் பேசினேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கோட்டை எரிகிறது. பூபதி புகையாகித் தப்பித்தார். தப்பித்தவர் மறுபடி எப்படி மனிதனாவது? மூன்று வாக்கியத்தில் அது இல்லை. தானாகவே நினைத்தபோது திரும்பலாம் என்றால் எனக்கு லாபம். அதனால் நான் பூபதி கலைந்தே போய்விட்டான் என்று பேசினேன். திரும்பலாம் என்று நஸ்ரின் பேசினாள். அதற்குள் பாலுவுக்கு வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. நீ புத்தகத்தை மூடினாய்.

“ஒரு வாரம் யோசிக்கறேனுங்க மாமா. அடுத்த ஞாயித்துக்கெழம கண்டிப்பா சொல்லிர்றேன். அதுவரைக்கும் புகையாவே இருங்க.”

படியிறங்கும்போது நீ என் தோளைத் தொட்டாயா, இல்லை கைப்பிடிச் சுவரைப் பிடித்தாயா? எத்தனை தடவை யோசித்தும் தெளியவில்லை.

புதன்கிழமை நீ சோமனூரில் சிநேகிதன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பினாய். ரோட்டோரம் கொட்டியிருந்த ஜல்லியில் வண்டி சறுக்கியது. ஹெல்மெட் போட்டிருந்தாய். போட்டிருந்தும் என்று உன் அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், அது ஏதோ வழக்கில் எடுபடும் ஆதாரம் மாதிரி.

அந்த ஆஸ்பத்திரியின் நடைபாதை அவிநாசியில் தொடங்கி பாலக்காடு வரை போனது கண்ணு. நான் மூன்று நாள் நடந்தேன். முடிவு வரவில்லை. நடுவில் இரண்டு தடவை உன்னைப் பார்க்க விட்டார்கள். உன் கை சூடாக இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. பக்கத்தில் நின்ற மெஷின்தான் அதைச் செய்கிறது என்று சொன்னார்கள். ஆயிரம் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவன் நான். ஒரு மெஷினைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். டாக்டர் எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னார். இரண்டு தடவை சோதித்துவிட்டோம், மூளை முழுக்க நின்றுவிட்டது, இனி எழுந்திருக்க வழியில்லை, மெஷின் இருக்கும்வரை இதயம் சில நாள் ஓடலாம், மெஷினை எடுப்பதா வைத்திருப்பதா என்று குடும்பமாகப் பேசிச் சொல்லுங்கள், அவசரமில்லை. சொல்லிவிட்டு எங்களைத் தனியே விட்டு எழுந்து போனார்.

அறையில் நான்கு பேர். உன் அப்பா, உன் அம்மா, உன் பெரியப்பா, நான். நஸ்ரினும் பாலுவும் வெளியே பெஞ்சில் இருந்தார்கள். குடும்பம் மட்டும் என்றதால் உள்ளே வரவில்லை. பிறகு உன் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

“தாய்மாமன் இருக்கறாப்ல. மொதல்ல அவரு சொல்லட்டும்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்று அந்த நொடியில் துல்லியமாகத் தெரியும் மாப்பிள்ளை. இரண்டு நாள் வேண்டும். திங்கட்கிழமை வரை. டாக்டர் சொன்னது புரியாமல் இல்லை. நீ எழுந்திருக்கமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றாயே. நீ சொல்லமாட்டாய். இருந்தாலும் அந்த நாள் வந்து, உன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்து, அது கடந்துபோக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இது என் ஆசை. இதில் லாபம் எனக்கு. லாபக்காரன் பேசவேண்டியது எந்தப் பக்கம்?

இரண்டு வருடப் பழக்கம் நாக்கில் ஏறிவிட்டது. நான் எதிர்ப்பக்கம் பேசினேன்.

எப்படிப் பேசினேன் தெரியுமா? வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய் கூடக் கலக்காமல் பேசினேன். அந்த மூச்சு நம் பையனுடையது இல்லை, மெஷினுடையது என்றேன். ஒரு வேலையைப் பாதியில் நிறுத்திவைத்தால் தூக்கம் வராதவன் அவன், அவனைப் பாதியில் நிறுத்திவைத்திருக்கிறோம் என்றேன். நாம் பார்த்துக்கொண்டிருப்பதற்காக அவனை அங்கே படுக்கவைத்திருக்கிறோம், அவனுக்காக இல்லை என்றேன். கடைசியில் உன் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

“போதும் அம்மணி. பையன உட்ருவோம்.”

சொல்லிவிட்டு நிறுத்தினேன். காத்திருந்தேன்.

எதற்குக் காத்திருந்தேன் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. மேசையில் பகடை தட்டும் சத்தத்துக்கு. ஒரே ஒரு ஆனாவுக்கு. உன் அப்பா சொல்லலாம், உன் அம்மா சொல்லலாம், உன் பெரியப்பா சொல்லலாம். சரிங்க, ஆனா ரெண்டு நாள் பாக்கலாமே என்று யாராவது ஒருவர் வாயெடுத்திருந்தால் அந்த நிமிஷமே காலில் விழுந்து ஒத்துக்கொண்டிருப்பேன். அறையில் மின்விசிறி சுற்றியது. உன் பெரியப்பா தலையை ஆட்டினார். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குனிந்தாள். உன் அப்பா எழுந்து பேனா கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் இருந்தது உன் மேசையில் இல்லை. மேசையில் முதலில் பேசுகிறவன் வாதத்தைத் திறந்துவைக்கிறான். நம் சனத்தில் தாய்மாமன் பேசினால் பேச்சு முடிந்தது. கல்யாணத்துக்குப் பூ வைப்பதிலிருந்து சாவுக்குக் கோடி போடுவது வரைக்கும் அதுதானே வழக்கம்? அவன் சொன்ன பிறகு இன்னொருவர் வாய் திறந்தால் அது மரியாதைக் குறைவு. நான் வாதாடினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் காதில் விழுந்தது தீர்ப்பு.

ஏன் உடனே மாற்றிச் சொல்லவில்லை என்று கேட்பாய். கேள். நானும் ஏழு மாதமாகக் கேட்கிறேன். இருங்க, நான் சொன்னது என் மனசு இல்லை, நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடும் ஆட்டத்தில் இப்படி ஒரு சட்டம் உண்டு என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? உன் பெரியப்பா செருப்பைக் கழற்றி அடித்திருப்பார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சண்டையில் இரண்டு நாள் ஓடியிருக்கும்.

ஊர் முழுக்க அளக்கிற பொய்யனுக்கு அன்று நாக்கு ஒட்டிக்கொண்டது. உன் அப்பா கையெழுத்துப் போட்டார். மத்தியானத்துக்குள் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை உன்னை ஆத்துப்பாலம் மயானத்துக்குக் கொண்டுபோனோம்.

உன் அம்மா என் மேல் கோபித்துக்கொண்டிருந்தால் நான் நிம்மதியாகச் செத்திருப்பேன். அவள் கோபிக்கவில்லை. மூன்றாம் மாதம் ஒருநாள் காலையில் போயிருந்தேன். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்காமல் அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

“அன்னைக்கு நான் ரெண்டு நாள் கேக்கலாம்னு இருந்தனுங்ணா. வாய் வரைக்கும் வந்துருச்சு. கை சூடா இருந்துச்சே, அதச் சித்த புடிச்சுட்டு உக்காந்திருந்தாப் போதும்னு.”

ஏன் கேட்கவில்லை என்றேன்.

“நீங்க பேசிப்போட்டீங்க. அதுக்கு மேல நான் என்ன பேசறதுங்ணா? நான் கேட்டிருந்தா அவனுக்குப் பாவம் பண்ணியிருப்பேன். நீங்க அப்பிடி உறுதியா நின்னதப் புடிச்சுட்டுத்தான் நான் எந்திரிச்சு நடமாடறேன்.”

இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே இரண்டு நாள் மாப்பிள்ளை. ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் கேட்கவில்லை. அவள் எனக்கு மரியாதை கொடுத்தாள். நான் உன் சட்டத்துக்கு மரியாதை கொடுத்தேன். உனக்கு யார் என்ன கொடுத்தோம்?

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் உறுதியைப் பிடித்துக்கொண்டு நடப்பதாகச் சொல்கிறாள். அது உறுதி இல்லை, எதிர்ப்பக்க வாதம் என்று எப்படிப் பிடுங்குவது? விட்டால் விழுந்துவிடுவாளே. அவரைக்காய் நாரை நானும் நான்கு உரித்துப்போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான்கு மாதம் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு மலையை வாயில் கவ்விக்கொண்டு போய், அப்படியே கவ்விக்கொண்டு திரும்பி வந்தேன்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நஸ்ரினும் பாலுவும் பட்டறைக்கு வந்தார்கள். நீ போன பிறகு மூன்று பேரும் சேர்ந்து அந்தப் படி ஏறியது அன்றுதான். பாலு மேசையைத் துடைத்தான். உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அதை நகர்த்தவும் இல்லை.

“பூபதிய இப்பிடியே உட்டு வெக்க வேண்டாங்க மாமா,” என்றான் பாலு. “நாம மூணு பேரும் பேசி ஒரு முடிவு எழுதிரலாம். தரணி இருந்திருந்தா அதத்தான் சொல்லுவான்.”

சரி என்றேன். சட்டப்படி நான் என்னை அழிக்கும் பக்கம். ஏழு மாதமாகப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிறது, புகை எந்த ஊரில் மிஞ்சும், பூபதி திருச்சி தாண்டிப் போய்க் கடலில் விழுந்து கரைந்திருப்பான், அவனுக்குக் காரியம் செய்துவிட்டு வேறு வேடம் கொடுங்கள் என்றேன். பழைய வேகம் இல்லை. இருந்தாலும் நன்றாகத்தான் பேசினேன்.

நஸ்ரின் பகடையால் மேசையைத் தட்டினாள்.

“அது இருக்கட்டுங்க மாமா. ஆனா, புகை போற எடமெல்லாம் அவரும் போலாம்னு தரணி எழுதியிருக்கான். கலைஞ்சு ஊரெல்லாம் போச்சுன்னா, அவரு ஊரெல்லாம் இருக்காருன்னுதான் அர்த்தம். இல்லாமப் போயிட்டாருன்னு எந்த வரியிலயும் இல்ல. விதியில எழுதாத எடத்துல ஒரு ஆளச் சாகடிக்கக்கூடாது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கணும்.”

இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கணும். அந்த அறையில் நான் எதற்காகக் காத்திருந்தேனோ அது. ஏழு மாதம் தாமதமாக, ஒரு புகைக்காக வந்தது.

நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். பாலு தண்ணீர் எடுக்க ஓடினான். நஸ்ரின் ஓடவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கண் சோதிக்கிறவள், எது தெரிகிறது எது தெரியவில்லை என்று பார்ப்பதே தொழில். மெதுவாகக் கேட்டாள்.

“ஆஸ்பத்திரியிலயும் இப்பிடித்தான் பேசினீங்களா மாமா?”

உலகத்தில் இதைக் கேட்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவன் அப்போது உள்ளே படுத்திருந்தான்.

“நான் வெளியேதான பெஞ்சுல இருந்தேன்,” என்றாள். “கூப்பிட்டிருந்தா வந்து பேசியிருப்பேனே.”

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அவளுக்கு இடம் கொடுக்காமல் போய்விட்டோமே என்ற ஏக்கம்தான் இருந்தது. அவள் பேசியிருந்தால் நீ பிழைத்திருக்கமாட்டாய், எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னது சரிதான். கடைசியில் அதே கையெழுத்துதான். ஆனால் உனக்காக ஒருவர் பேசி, அந்தப் பேச்சு தோற்று, அதற்குப் பிறகு நீ போயிருப்பாய். ஒரு கற்பனை ஆளுக்குக்கூட இரண்டு பக்கமும் கேட்காமல் தீர்ப்பு எழுதாதவன் நீ. உனக்கு ஒரு பக்கம்தான் கேட்டோம். அதையும் நான்தான் பேசினேன்.

பாலு விதிப் புத்தகத்தின் ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

மறுநாள் காலை உன் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா வேலைக்குப் போயிருந்தார். சரசுவை உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். ஆட்டம், சட்டம், லாபக்காரன் எதிர்ப்பக்கம் பேசுவது, நான் காத்திருந்தது, எனக்கும் இரண்டு நாள் வேண்டியிருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். இமயம் இல்லை, ஆடு இல்லை, எண்திசை அதிரவில்லை. ஒரு கணக்கப்பிள்ளை மாதிரி வறட்டுத் தமிழில் சொன்னேன். அவள் அடிப்பாள், அல்லது விழுவாள் என்று கையைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா சிரித்தாள் மாப்பிள்ளை. ஏழு மாதத்தில் முதல் சிரிப்பு.

“நான் வெசனப்படறேன்னு இப்பிடி ஒண்ண இட்டுக்கட்டிட்டு வந்தீங்களாக்கும்? ரெண்டு நாள்னு நான் சொன்னதவே எடுத்து எங்கிட்டயே சொல்றீங்க.”

நெசமாத்தான் அம்மணி என்றேன். என் பேரன் பேத்தி மேல் சத்தியம் என்றேன். எனக்குப் பேரன் பேத்தியே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பழக்கதோஷத்தில் வாய் தவறிவிட்டது.

“உடுங்கண்ணா. நீங்க எப்ப நெசம் பேசியிருக்கீங்க, அன்னைக்கு ஒரு நாளத் தவுத்து?”

எழுந்து போய்க் காப்பி வைத்தாள். அடுப்புக்கு முன்னால் நின்றபோது அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பும்போது முகத்தைத் துடைத்திருந்தாள். காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தாள். நான் குடித்துவிட்டேன்.

அதனால்தான் இதை உனக்கு எழுதி, ஊர் பார்க்க அச்சில் போடச் சொல்கிறேன். வாயால் சொன்னால் என் தங்கைக்கு அது சரடு. எழுத்தில் பார்த்தாலாவது நம்புவாளா? நம்பினால் தாங்குவாளா? நம்பாமலே போய்விட்டால், அவளும் நானும் ஒரே துக்கத்தை இரண்டு வீட்டில் தனித்தனியே வைத்துக்கொண்டு சாகவேண்டியதுதானா? நீ இருந்தால் இரண்டு பக்கமும் கேட்டு, ஒரு வாரம் யோசித்துச் சொல்வாய்.

வாக்குக் கொடுக்கிறேன் கண்ணு. வெள்ளிக்கிழமைதோறும் உன் அம்மாவிடம் போவேன். இந்தக் கதையைச் சொல்வேன். ஒரு சுழி கூட்டாமல், ஒரு கொம்பு வைக்காமல் சொல்வேன். அவள் சிரித்தால் சிரிக்கட்டும். காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு அடுத்த வெள்ளி வருவேன். என்றைக்கு அவள் நம்பிப்போட்டு, என் சட்டையைப் பிடித்து, ஏண்ணா கேக்காம உட்டீங்க என்று அழுகிறாளோ, அன்றைக்குத்தான் நிறுத்துவேன். அழும்போது அவள் விழாமல் பிடித்துக்கொள்ள நான் அங்கேயே இருப்பேன்.

மற்றபடி, இந்தக் கடிதத்தில் எது சரடு, எது நடந்தது என்று நீ பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அடித்துக்கொள் மாப்பிள்ளை. நடைபாதை, காற்று, மலை, எல்லாவற்றையும் அடித்துவிடு. தாராளமாக முக்கால்வாசி போகும். ஒரு சின்ன இடத்தை மட்டும் விட்டுவை. எனக்கும் இரண்டு நாள் வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறேனே, அது நிஜம்.

இப்படிக்கு,
சரசுவின் அண்ணன்,
உன் தாய்மாமன்.